அல்மாட்டி மருத்துவ சீட்: முன்பணத்துக்கு முன் மாதக் கணக்கு

கேள்வி: என் மகள் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்கிறாள், இங்கே இடம் கிடைக்கவில்லை. கஜகஸ்தானில் அல்மாட்டி நகரத்து 'கசாக் தேசியப் பல்கலைக்கழக'த்தில் ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். அவர் அனுப்பிய பையன் ஒருவன் இங்கே டாக்டராக இருக்கிறானாம். முன்பணம் கட்டலாமா?
– தாராபுரம் வாசகர்

பதில்: இப்போது கட்டாதீர்கள்.

அல்மாட்டியில் அந்தப் பெயருக்குப் பொருந்துகிறவை இரண்டு. ஒன்று, 1934இல் தொடங்கிய அல்-ஃபராபி கசாக் தேசியப் பல்கலைக்கழகம். பல துறைகள் கொண்ட பெரிய நிறுவனம், மருத்துவம் அதில் ஒரு பிரிவு. மற்றொன்று, அஸ்ஃபெந்தியாரோவ் பெயரில் உள்ள கசாக் தேசிய மருத்துவப் பல்கலைக்கழகம். இரண்டும் உண்மையானவைதான். ஆனால் ஒன்றின் புகைப்படத்தைக் காட்டி மற்றொன்றின் கட்டணத்தைச் சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. முழுப்பெயரை எழுதி வாங்குங்கள்.

அடுத்து அந்த 'ஐந்தாண்டு'. நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதோடு அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி தனியாக வேண்டும். ஐந்தாண்டில் கடைசி ஆண்டு பயிற்சி என்றால் படிப்பு 48 மாதம்தான். இங்கே பதிவு கிடைக்காது.

அந்தப் பையன் எப்படி டாக்டரானான் என்று கேட்பீர்கள். விதி நடைமுறைக்கு வந்தது 2021 நவம்பர் 18. அதற்கு முன் பட்டம் பெற்றவர்களுக்கு இது பொருந்தாது. அதற்கு முன் சேர்ந்து, பின்னால் படித்து முடித்தவர்களுக்கும் பொருந்தாது. கணக்கில் வருவது சேர்ந்த தேதி. ஊர் திரும்பிய தேதி அல்ல. அவன் எப்போது சேர்ந்தான் என்று கேளுங்கள். அவனுக்கு இருந்த விலக்கு உங்கள் மகளுக்கு இல்லை.

ஆணையம் அங்கீகரித்த வெளிநாட்டுக் கல்லூரிப் பட்டியல் என்று யார் நீட்டினாலும் நம்பாதீர்கள். ஆணையம் அப்படியொன்றை வெளியிடுவதில்லை. விதியைப் படித்து, கல்லூரியைப் பெற்றோரே எடைபோட வேண்டுமாம்! சட்ட ஆங்கிலத்தில் அச்சிட்ட விதியைத் தாராபுரத்தில் ஒரு தகப்பன் எப்படி எடைபோடுவார்? ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

இன்னொன்று: பாடம் ஆங்கிலத்தில் என்றாலும் வார்டில் நோயாளி பேசுவது கசாக் அல்லது ரஷ்ய மொழி. முதலாண்டிலிருந்தே மகள் அதைப் பழக வேண்டும். திரும்பிய பிறகு 300 மதிப்பெண் தகுதித் தேர்வில் 150 எடுக்க வேண்டும்.

பாடத்திட்டத்தின் மாதக் கணக்கும் பயிற்சி எங்கே என்பதும் பல்கலைக்கழக முத்திரையோடு வரட்டும். கட்டணத்தை அதன் பிறகு, பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம்.