பயிற்சி போதாதா, பணிமுறை சரியில்லையா?

கேள்வி: தருமபுரியில் நடக்கும் சர்க்கரை நோய் மருந்து ஆய்வு ஒன்றில் கோ-ஆர்டினேட்டராகப் பணிபுரிகிறேன். பங்கேற்பாளர்களில் பலர் குறித்த கெடுவுக்குள் பரிசோதனை விசிட்டுக்கு வருவதில்லை. ஆய்வைக் கண்காணிக்க வரும் மானிட்டர், ஒவ்வொரு முறையும் ‘ஊழியர்களுக்கு மறுபயிற்சி தேவை’ என்று எழுதிவிட்டுப் போகிறார். தர மேம்பாட்டு முறைகள் இங்கே உதவுமா? அவற்றைக் கையாண்டால் புரோட்டோகாலை, அதாவது ஆய்வுக்கென எழுதிவைத்த செயல்திட்டத்தை, மீறியதாகிவிடுமா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: மறுபயிற்சி என்பது எழுதுவதற்கு மிக எளிய தீர்வு; பலன் தருவதில் பெரும்பாலும் அதுவே கடைசி. தர மேம்பாடு முதலில் ஆராய்வது பணி நடக்கும் விதத்தைத்தான், ஊழியரை அன்று. வராதவர்களிடமே காரணம் கேட்டு எழுதுங்கள். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெறும் வயிற்றில் பேருந்தேறி வரும் ஒருவருக்கு, ரத்தம் எடுக்கும் நேரம் தாண்டிவிடுவது தடையாக இருக்கலாம். மாங்காய் பறிப்புக் காலத்தில் ஒரு நாள் கூலியை இழக்க முடியாதது இன்னொருவருக்குத் தடையாக இருக்கலாம்.

அடுத்து, நாள் குறிக்கும் வழக்கத்தைப் பாருங்கள். புரோட்டோகால் ஏழு நாள் கெடு தந்திருக்க, நீங்கள் ஆறாம் நாளைக் குறித்துக் கொடுத்தால், ஒருவர் ஒரு முறை தவறினாலே அது புரோட்டோகாலிலிருந்து விலகலாகிவிடும். இரண்டாம் நாளைக் குறித்தால், மீண்டும் அழைக்க அவகாசம் கிடைக்கும். இதை உடனே எல்லாருக்கும் நடைமுறையாக்காமல், அடுத்து வரும் ஐந்து பேரிடம் மட்டும் செய்து பார்த்து, விளைவைக் கவனித்து, திருத்திய பின் விரிவாக்குங்கள். திட்டமிடு, செய், ஆராய், செயல்படு என்னும் சுழற்சி இதுதான்.

கெடுவுக்குள் வந்தோரின் விழுக்காட்டை வாரந்தோறும் ஒரு வரைபடத்தில் குறித்து, புள்ளிகளில் பாதி மேலும் பாதி கீழும் அமையும்படி நடுவே இடைநிலைக் கோடு போடுங்கள். ஒரு வாரம் உயர்ந்ததை வெற்றியென்று கொள்ளக்கூடாது. தொடர்ந்து ஆறு புள்ளிகளேனும் கோட்டுக்கு மேலே நின்றால்தான் மாற்றம் உண்மையென்று கருதலாம். 1924-இல் வால்டர் ஷூவார்ட் தொழிற்சாலை உற்பத்திக்கென வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் எளிய உறவினர் இது.

உங்கள் இரண்டாவது ஐயம் நியாயமானது. புரோட்டோகால் அனுமதித்த எல்லைக்குள் நாள் குறிப்பதும், கோப்புகளை ஒழுங்குபடுத்துவதும் உங்கள் கையில் உள்ளவை. கெடுவையே நீட்டுவது, ஒப்புதல் படிவத்தைத் திருத்துவது, பயணப்படியை மாற்றுவது, பங்கேற்பாளருக்கு அனுப்பும் நினைவூட்டல் வாசகத்தைப் புதிதாக அமைப்பது போன்றவற்றை ஆய்வுக்குப் பொறுப்பான ஆய்வாளர் வழியாக, பங்கேற்பாளர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பி, அனுமதி வந்த பிறகே தொடங்க வேண்டும். பங்கேற்பாளருக்கு நேரவிருக்கும் உடனடி ஆபத்தைத் தவிர்ப்பதற்கு இதில் விலக்கு உண்டு. உயிரிழப்பு, மருத்துவமனையில் சேர்க்க நேர்வது போன்ற கடுமையான பாதக நிகழ்வை 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும் என்ற 2019-ஆம் ஆண்டு விதி போன்றவற்றில் ‘செய்து பார்ப்பதற்கு’ இடமே இல்லை.

விழுக்காடு உயர வேண்டுமென்று தவறிய விசிட்டின் தேதியை யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விலகல் விலகலாகவே பதிவாக வேண்டும். மானிட்டர் அடுத்த முறை வரும்போது அந்த வரைபடத்தையும், வராதவர்கள் சொன்ன காரணங்களையும் அவர் முன் வையுங்கள்.