டீச்சரைக் கேளுங்க: வாளி நெறஞ்சா போதுமா?

இந்தத் தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் மேசைல பரப்பி வெச்சு பாத்தேன், முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுத்தி சுத்தி வருது. ஜெயிக்கிறதுன்னா என்ன, நான் ஜெயிச்சேனா, என் புள்ள ஜெயிக்குமா. எஸ்பிஎம், அதான் நம்ம மலேசியாவுல அஞ்சாம் ஃபார்ம் அரசாங்கப் பரீட்சை, ரிசல்ட் வந்த சூடு போல. சரி, இந்த வாரம் அதையே பேசிடுவோம், சமையல் கேள்வி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: டீச்சர், எனக்கு 27 வயசு. சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளிய ஒரு செம்பனை (பாமாயில்) ஆலைல பாய்லர் பாக்குறேன். கூட படிச்சவனுங்க பாதிப்பேரு சிங்கப்பூர், மிச்சப்பேரு கே.எல். (கோலாலம்பூர்). தீபாவளிக்கு புது காடில (காருல) வந்து எறங்குறானுங்க. மாமா ஒருத்தரு எல்லாரும் சாப்டுட்டு இருக்கும்போது "நீ இன்னும் அந்த ஆலைலயேதானா"ன்னு கேட்டாரு, அன்னைக்கு சோறு எறங்கல. நான் தோத்துட்டேனா?

பதில்: தம்பி, முதல்ல அந்த மாமா கிட்ட பாய்லர் பக்கத்துல ஒரு ஷிப்ட் நிக்கச் சொல்லுங்க, அப்புறம் பேசட்டும்.

எங்கம்மா பால் மரம், அதான் ரப்பர் மரம், வெட்டினவங்க. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போயி, நெத்தில லைட்டு கட்டிக்கிட்டு நிரை நிரையா (மர வரிசை வரிசையா) வெட்டி, மங்குல (மரத்துல கட்டுன கிண்ணத்துல) விழுந்த பாலை சேத்து ரெண்டு வாளில ஊத்தி காண்டால (தோள்ல வைக்கிற காவடிக் கம்புல) தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு வருவாங்க. அங்க கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வெறும் எடைய மட்டும் எழுத மாட்டாரு, மெட்ரோலாக்னு ஒரு கண்ணாடிக் குழாய பாலுக்குள்ள மெதக்க விட்டு அதுல எவ்வளவு காஞ்ச ரப்பர் இருக்குன்னும் பாப்பாரு. ஏன்னா பால்ல பெரும்பங்கு தண்ணிதான், சுமாரா மூணுல ஒரு பங்குதான் ரப்பர். வாளி தளும்புதுன்னு சந்தோஷமா போயி நின்னவங்க கணக்குல கம்மியா வாங்கிட்டு திரும்புவாங்க, அர வாளி கொண்டாந்தவங்க சில நாளு கூட வாங்குவாங்க. தண்ணி கலந்து பாத்தவங்களும் உண்டு, மாட்டிக்கிட்டாங்க.

தீபாவளிக்கு வந்து நிக்கிற காடி இருக்கே, அது வாளி. ஒருவேள உள்ள நல்ல ரப்பரும் இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஒண்ணுக்கு இங்க சுமாரா மூணு வெள்ளி (ரிங்கிட்) வருது, பொய்யில்ல. ஆனா ஜொகூர்ல தங்கி காலைல நாலு மணிக்கு எழுந்து பாலத்துல வரிசைல நிக்கிறவனோட தூக்கத்தை, காடிக்கு ஒம்போது வருஷம் கட்டுற பேங்க் கடனை, இதையெல்லாம் உங்க மாமா எந்தக் குழாய விட்டு அளந்தாரு?

இப்போ உங்க வாளிக்கு வருவோம். செம்பனைக் குலைய வெட்டின நேரத்துல இருந்தே பழத்துக்குள்ள அமிலம் ஏற ஆரம்பிச்சிடும், அத நிறுத்துறது ஆவில வேக வைக்கிறதுதான், அந்த ஆவி உங்க பாய்லர்ல இருந்துதானே வருது. நீங்க அடுப்புல எரிக்கிற பழ நாரையும் கொட்டை ஓட்டையும் சரியா போடாம ஆவி எறங்கிப் போச்சுன்னா வெளிய லோரி வரிசையா நிக்கும், பழம் கெடும், தோட்டத்துக்காரன் கத்துவான். ஊருக்கே தெரியாத வேலதான், ஆனா அது நின்னா எல்லாம் நிக்கும்.

ஒண்ணு மட்டும் கறாரா கேக்குறேன். பாய்லர்மேனுக்கு செகண்ட் கிரேட், ஃபர்ஸ்ட் கிரேட்னு அரசாங்க சர்ட்டிபிகேட் இருக்கு, உங்ககிட்ட எது இருக்கு? கடுதாசில நீங்க எழுதல. செகண்ட் கிரேட்லயே உக்காந்துக்கிட்டு மாமா பேச்சுக்கு அழுதா நான் மாமா பக்கம்தான். ஃபர்ஸ்ட் கிரேட் எடுங்க. அப்புறமும் சிங்கப்பூர் போகணும்னு தோணுனா போங்க, அது உங்க ஆசையா இருந்தா சரி, சாப்பாட்டுத் தட்டு முன்னாடி பட்ட அவமானத்துக்காகப் போகாதீங்க.

கேள்வி: என் மக எஸ்பிஎம்ல மூணு 'ஏ'தான் எடுத்தா. பக்கத்து வீட்டுப் புள்ள ஒம்போது ஏ. வீட்ட விட்டு வெளிய போகவே வெக்கமா இருக்கு டீச்சர், இவள என்ன பண்றது?

பதில்: வெக்கம் உங்களுக்கா அவளுக்காம்மா? மலாயும் செஜாராவும் (வரலாறும்) பாஸ் பண்ணிட்டாளான்னு மொதல்ல பாருங்க. 2013ல இருந்து செஜாராவும் பாஸ் ஆனாத்தான் சர்ட்டிபிகேட்டே கையில கொடுப்பான், அது ரெண்டும் இருந்தா கதவு எல்லாம் தொறந்துதான் இருக்கு. ஃபார்ம் சிக்ஸ் இருக்கு, பொலிடெக்னிக் இருக்கு, கைத்தொழில் காலேஜ் இருக்கு. ஃபார்ம் சிக்ஸ்னா ஏதோ கதியத்தவங்க போற எடம்னு நம்ம ஆளுங்களுக்கு ஒரு நெனப்பு, நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்தவ, ஒண்ணற வருஷம் ஒழுங்கா உக்காந்து ஃபார்ம் சிக்ஸ் பரீட்சை எஸ்டிபிஎம் எழுதி பெரிய யுனிவர்சிட்டிக்குப் போன புள்ளைங்கள என் கையாலயே அனுப்பி வெச்சிருக்கேன், செலவும் கம்மி. ஆனா இதெல்லாம் நீங்க முடிவு பண்ணி அவ தலைல கட்டாதீங்க, எந்த மூணு பாடத்துல ஏ வாங்கினான்னு உங்க கடுதாசில ஒரு வரி கூட இல்ல பாருங்க. பக்கத்து வீட்டு ஒம்போது மட்டும் ஞாபகம் இருக்கு.

கேள்வி: ஈப்போ ஹோட்டல்ல ரெண்டு நாள் வெற்றிப் பயிற்சி, 1,500 வெள்ளி, முடிச்சா வாழ்க்கையே மாறிடும்னு சொல்றாங்க. போகலாமா?

பதில்: 1,500 வெள்ளி மாறும். உங்ககிட்ட இருந்து அவங்ககிட்ட.

கேள்வி: நம்ம மலேசியத் தமிழர்ல ஜெயிச்ச ஆளுன்னு யாரைச் சொல்வீங்க? அரசியல்வாதியும் முதலாளியும் வேணாம்.

பதில்: அப்பாடா, வேணாம்னு சொன்னீங்களே. 1997 மே 23 எவரெஸ்ட் உச்சில நின்ன மகேந்திரனையும் மோகனதாஸையும் எல்லாரும் சொல்வாங்க. டாக்டர் ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல 200 மீட்டர 20.92 செகண்ட்ல ஓடுனாரு, அந்த தேசிய ரெக்கார்ட உடைக்க 2017 வரைக்கும் ஆச்சு, ஓட்டத்தோட நிக்காம டாக்டராவும் ஆனாரு மனுஷன். ஆனா என் மனசுல இருக்கிறது வேற ஒருத்தரு, 1998 காமன்வெல்த் கேம்ஸ் கே.எல்.ல நடந்தப்போ 50 கிலோமீட்டர் நடைல தங்கம் வாங்குன சரவணன். நடைப்போட்டிய சிரிச்சுக்கிட்டே பாக்குற ஆளுங்க நெறைய, இடுப்ப ஆட்டிக்கிட்டு போறாங்கன்னு. அதோட ரூல்ஸ் தெரியுமா? எப்பவும் ஒரு கால் தரைல இருக்கணும், முன்ன வைக்கிற கால் தரைய தொட்டதுல இருந்து உடம்புக்கு நேர் கீழ வர்ற வரைக்கும் முட்டி மடங்கக் கூடாது, வழி நெடுக நடுவர்ங்க பாத்துக்கிட்டே நிப்பாங்க, அப்போ மூணு சிவப்பு அட்டை விழுந்தா போட்டி முடிஞ்சது. மெதுவாப் போனா தோல்வி, ஆசைப்பட்டு ஓடுனா வெளிய. நாலு மணி நேரத்துக்கு மேல அந்த வெயில்ல, அந்த ஆசைய அடக்கிக்கிட்டே நடந்திருக்காரு. நான் அன்னைக்கு டிவி முன்னாடி அழுதேன், எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லி கேலி பண்றாரு.

கேள்வி: அம்மா, எனக்கு 71 வயசு. 38 வருஷம் பால் மரம் வெட்டினேன். தோட்டத்தை வித்துட்டாங்க, லயத்தை (தொழிலாளிங்க குடியிருந்த வீட்டு வரிசைய) இடிச்சாங்க, இப்போ சின்ன மக வீட்டுல இருக்கேன். என் பேர்ல ஒரு அடி நெலம் கெடையாது. மூத்தவன் பேசுறதில்ல. நான் என்ன சாதிச்சேன்?

பதில்: அண்ணே, உங்க கடுதாசிய நாலு தடவ படிச்சேன். நெலம் இல்லாதது உங்க தப்பு இல்ல, அத மட்டும் மனசுல இருந்து எறக்கி வெச்சிடுங்க. வெள்ளக்காரன் தோட்டத்தை துண்டாடி வித்த காலத்துல அப்போ மந்திரியா இருந்த நம்ம ஊரு துன் சம்பந்தன் 1960ல நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, தொழிலாளிங்க பத்துப் பத்து வெள்ளியா கட்டுன காசுல தோட்டமே வாங்கிக் காட்டுனாரு. அது எட்டுன தோட்டம் கொஞ்சம், எட்டாத தோட்டம் நெறைய. நீங்க எட்டாத பக்கம் மாட்டிக்கிட்டீங்க.

மூத்தவன் விஷயத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல. பொய்யா ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

ஆனா ஒண்ணு கேக்கணும். ஆழமா வெட்டுனா அன்னைக்கு பால் கூட வரும்னு உங்களுக்குத் தெரியும், மரத்துக்கு காயம் பட்டு பட்டை முண்டு முண்டா வளந்து அடுத்த சுத்துல கத்தி ஓடாதுன்னும் தெரியும். எங்கம்மா இன்னொருத்தர் நிரைக்கு மாத்தி வேலைக்குப் போனா மொத வேலையா மரத்தை தடவிப் பாப்பாங்க, முன்னாடி வெட்டுனவரு எப்படிப்பட்ட ஆளுன்னு பட்டை சொல்லிடும்பாங்க. வழுவழுன்னு இருந்தா "நல்ல மனுஷன் வெட்டின மரம்"னு சொல்லிட்டுத்தான் கத்திய வெப்பாங்க, அந்த மனுஷன் யாருன்னு கூட அவங்களுக்குத் தெரியாது. 38 வருஷத்துல உங்க நிரைய உங்களுக்கப்புறம் எத்தன பேரு தடவிப் பாத்திருப்பாங்க?

உங்க கத்திய இன்னும் வெச்சிருக்கீங்களா அண்ணே, அடுத்த கடுதாசில எழுதுங்க.