வன்னியில் அன்றாடப் பாவனைக்கு ஏற்றது காதைத் திறந்து வைக்கும் ஹெட்போனா, இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போனா?

பரந்தனிலிருந்து கிளிநொச்சி நகரிலுள்ள வேலையிடத்துக்குத் தினமும் சைக்கிளில் போவதாகவும், மாதத்தில் ஓரிரு தடவை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வருவதாகவும், இரண்டில் ஒன்றை வாங்கத்தான் காசு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுதான் என்றால் காதைத் திறந்து வைக்கும் வகையை, அதிலும் கன்னத்து எலும்பின் வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போனை வாங்குங்கள் என்பதே என் பதில். பாட்டின் இனிமைதான் உங்களுக்கு எல்லாவற்றிலும் மேலானது என்றால் இந்தப் பதில் திருப்தி தராது, ஏனெனில் அந்த ஒரு விடயத்தில் காதை மூடும் வகையே வெல்லும். நான் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்கிறேன். நாளின் பெரும்பகுதி வயலிலும் வீதியிலும் கழிகிறது, கமக்காரர்களின் அழைப்புகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். இரண்டு வகையையும் வைத்திருப்பதால், எதை எங்கே கழற்றிப் பையில் போட வேண்டியிருக்கிறது என்பதைக் கண்டுதான் இதை எழுதுகிறேன்.

இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போன் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காதுத் துளையைச் சிலிக்கன் முனையாலோ, காது முழுவதையும் மெத்தையாலோ மூடி, ஒலியை உள்ளே வரவிடாமல் மறிப்பது ஒன்று. பறவையின் ஒலி, சைக்கிள் மணி, பேச்சின் கூர்மையான பகுதி ஆகியவற்றை மறிப்பது பெரும்பாலும் இந்த மூடல்தான். வெளியிலிருந்து வரும் ஒலியைச் சிறிய மைக்கால் பிடித்து, அதற்கு நேர்மாறான அலையை உருவாக்கி, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்வது மற்றது. ஏஎன்சி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இதைத்தான். இது சீராக ஓடிக்கொண்டிருக்கும், சுருதி தாழ்ந்த ஒலிகளில்தான் நன்றாக வேலை செய்யும், சுருதி ஏறத்தாழ 1,000 ஹேர்ட்ஸைத் தாண்டினால் இதன் பலம் குறைந்துவிடும். ஜேர்மனியரான பவுல் லூக் இந்த எண்ணத்துக்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது எஞ்சின் இரைச்சலால் ஒழுங்காகப் பாட்டுக் கேட்க முடியாமல் போன, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ், அதை ஹெட்போனுக்குள் கொண்டுவர முனைந்தார். அவருடைய நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டையும் 2000இல் பயணிகளுக்கான ஹெட்போனையும் சந்தைக்கு விட்டது. மணிக்கணக்காக மாறாமல் ஒலிக்கும் எஞ்சின் இரைச்சலை அடக்கப் பிறந்த கருவி அது, இன்றைக்கும் அந்த இரைச்சலிடம்தான் அதன் கெட்டித்தனம் முழுதாகத் தெரியும்.

அந்தக் கெட்டித்தனமே நம் வீதியில் ஆபத்தாகிறது. ஏ9 வீதியில் பின்னால் வரும் லொறியையோ சொகுசு பஸ்ஸையோ நெல் ஏற்றிய உழவு இயந்திரத்தையோ நாம் திரும்பிப் பார்த்து அறிவதில்லை. எஞ்சினினதும் டயரினதும் தாழ்ந்த உறுமல் காதுக்கு வந்த உடனேயே, கை தானாகச் சைக்கிளை ஓரம் கட்டிவிடுகிறது. ஏஎன்சி மிகத் திறமையாக அழிப்பது அதே உறுமலைத்தான். ஹோர்ன் சத்தம் ஓரளவு உள்ளே வரும், ஆனால் ஹோர்ன் அடிக்கும் நேரத்தில் வாகனம் உங்கள் முதுகுக்குக் கிட்ட வந்திருக்கும்.

ரயில் கடவைகளில் இது இன்னும் கடுமையானது. 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயிலே இல்லாமல் வளர்ந்த ஊர்களின் உள்வீதிகள் இன்றைக்குத் தண்டவாளத்தைக் குறுக்கறுத்துப் போகின்றன, அவற்றுள் பாதுகாப்பற்ற கடவைகளும் உண்டு. அத்தகைய இடத்தில் டீசல் எஞ்சினின் அதிர்வு தூரத்திலிருந்தே காதுக்கு எட்டுவது பெரிய காவல். அந்த அதிர்வை உள்ளே விடாத ஒன்றை அணிந்துகொண்டு கடவையைத் தாண்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், வலம் இடம் பார்த்துத்தான் போவேன் என்று சொல்பவர்களுக்கும்கூட.

வெளி ஒலியை மைக்கின் மூலம் உள்ளே விடும் வசதி இப்போதைய ஏஎன்சி இயர்பட்கள் பலவற்றில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலும் கடையிலும் அது போதுமானது. சைக்கிளில் போகும்போது காற்று நேரே மைக்கில் மோதுவதால், வெளி ஒலிக்குப் பதிலாகக் காற்றின் இரைச்சலே பெருத்துக் கேட்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் சைக்கிள் ஓடுபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் மூடிய காது அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது, ஏனெனில் அந்தக் கணக்கைப் போடுவதில் காது மடலின் வளைவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. காதைத் திறந்து வைக்கும் வகையில் மடலும் துளையும் இருந்தபடியே இருக்கின்றன. ஆனாலும் அதில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓடினால் கவனம் சிதறத்தான் செய்யும்.

மோட்டார் சைக்கிளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் ஒரு வரி. அதில் எதையும் அணிய வேண்டாம். வேகம் கூடியவுடன் ஹெல்மெட்டுக்குள் காற்றே பேரிரைச்சலாகிவிடுவதால் திறந்த வகை கேட்காது, மூடிய வகை மேலே சொன்ன காரணங்களால் ஆகாது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பின்னேரம் மங்கிய பிறகு போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. யானை நிற்பதைச் சில வேளை கொப்பு முறியும் சத்தம்தான் முதலில் சொல்லும்.

இனி, திறந்த வகை தோற்கும் இடமான கொழும்பு பஸ். எஞ்சின் இரைச்சலும், சாரதிக்குப் பிடித்த பாட்டுகளும், திரையில் ஓடும் படமும் இரவு முழுவதும் சேர்ந்து ஒலிக்கும்போது திறந்த ஹெட்போனில் எதுவும் விளங்காது. விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம், 90 டெசிபெல் என்றால் 4 மணித்தியாலம் மட்டுமே. பத்து டெசிபெல் கூடும்போது நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. இரைச்சலை வெல்வதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு கொழும்பு வரை போனால், அந்த வாரத்தின் பங்கு ஒரே இரவில் முடிந்துவிடக்கூடும். இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போனில் குறைந்த சத்தமே போதும் என்பதால், பஸ்ஸில் காதுக்கு நல்லது அதுதான். இதை ஒப்புக்கொள்ளாமல் திறந்த வகையே எங்கும் ஆரோக்கியமானது என்று விற்பனையாளர்கள் சொல்வது சரியல்ல. ஆனால் ஏஎன்சி அணிந்தால் பஸ்ஸின் படமும் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எஞ்சின் இரைச்சல் அழிந்த பிறகு வசனங்கள் முன்னிலும் தெளிவாகக் கேட்பதுண்டு.

எலும்பு வழி வகையை நான் குறிப்பாகச் சொன்னதற்குக் காரணமும் இந்த பஸ்தான். அந்த வகை காதுத் துளைக்கு முன்னால், கன்னத்து எலும்பின்மேல் அமர்ந்து, அதிர்வை நேரே உட்காதுக்கு அனுப்புகிறது. ஆகவே பஸ்ஸில் ஏறியதும் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் நுரை அடைப்பானைக் காதில் செருகிவிட்டு, அதே ஹெட்போனை அணிந்துகொள்ளலாம். வெளி இரைச்சல் பெருமளவு மறிக்கப்படும், துளை அடைபட்டிருப்பதால் எலும்பு வழியாக வரும் ஒலி, குறிப்பாகத் தாழ்ந்த ஒலி, முன்னிலும் பலமாகக் கேட்கும். பாட்டு அவ்வளவு இனிமையாக இராது. செய்தி, உரையாடல், பாடக் குறிப்புகள் போன்ற பேச்சுகளுக்குத் தாராளமாகப் போதும். காதுக்கு அருகே சிறு ஒலிபெருக்கியைத் தொங்கவிடும் மற்றத் திறந்த வகைகளில் இந்த உத்தி பலிக்காது, அடைப்பான் அவற்றின் ஒலியையும் சேர்த்தே மறித்துவிடும்.

வீட்டில் எது நல்லது என்பது வீட்டைப் பொறுத்தது. எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் அழைப்பு மணி கிடையாது. வருகிறவர் படலையடியில் நின்று கூப்பிடுவார், அல்லது சைக்கிள் மணியை அடிப்பார். மீன்காரரின் ஹோர்ன் கேட்காவிட்டால் அன்றைய கறியே மாறிப்போகும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் காதை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு வில்லங்கம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்து, கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கிக்காக யோசிக்கிறீர்கள் என்றால், அதற்கும் ஏஎன்சி பெரிதாக உதவாது. பாட்டும் அறிவிப்பும் ஏறி இறங்கும் ஒலிகள், மின்விசிறியின் இரைச்சலைப் போல அவை அழிவதில்லை. நன்றாகப் பொருந்தும் நுரை அடைப்பான் அங்கே கூடுதலாக உதவும். வெயில் காலத்தில் காதை முழுதாக மூடும் மெத்தைக்குள் வியர்வை தேங்கும், செயற்கைத் தோலும் விரைவில் உரியத் தொடங்கும்.

நீங்கள் கேட்காத, ஆனால் வன்னியில் ஹெட்போனைப் பற்றிப் பேசும்போது விட்டுவிட முடியாத இன்னொரு விடயம் உண்டு. 2009 வரையான ஷெல்லடிகளில் காது பாதிக்கப்பட்டவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். வெடிப்பின் அழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கலாம், உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்களை அழிக்கலாம், இரண்டும் சேர்ந்தும் நிகழலாம். செவிப்பறையிலோ நடுக்காதிலோ மட்டும் பழுது உள்ளவருக்கு எலும்பு வழி ஒலி அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு உட்காதை அடைவதால், தொலைபேசியில் பிள்ளைகளின் குரல் தெளிவாகக் கேட்கக்கூடும். என் மாமி ஒருவருக்கு இப்படித்தான். வெளிநாட்டிலுள்ள மகனோடு பேச அவர் வேறு எதையும் இப்போது பாவிப்பதில்லை. உட்காது பழுதானவருக்கு இந்த வழியால் பயன் குறைவு, ஏனெனில் எந்த வழியாக வந்தாலும் ஒலி கடைசியில் அந்த உட்காதையே அடைய வேண்டும். எது பழுது என்பதைக் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரின் பரிசோதனைதான் சொல்லும், அதற்கு முன் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். செவிப்பறையில் துளையோ காதில் சீழோ உள்ளவர் துளைக்குள் செருகும் இயர்பட்டையும் நான் மேலே சொன்ன அடைப்பானையும் தவிர்ப்பது நல்லது. காதுக்குள் இடைவிடாத இரைச்சல் உள்ளவர்களுக்கு வெளியொலியை முற்றாக அடக்குவது ஆறுதலைத் தராமல், அந்த உள்ளிரைச்சலை மேலும் எடுத்துக் காட்டிவிடலாம். அவர்களில் பலருக்குத் திறந்த காதே நிம்மதி. பின்னால் நடப்பது கேட்காவிட்டால் மனம் பதறும் என்று சொல்பவர்களையும் நான் அறிவேன். அவர்களிடம் ஏஎன்சியின் பெருமையைப் பேசுவதில் அர்த்தமில்லை.

கடைக்குப் போகும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். மலிவான இயர்பட்களின் பெட்டியில் ஈஎன்சி என்று இருப்பதைக் காட்டி, இரைச்சலைத் தடுக்கும் என்று விற்கிறார்கள். அது உங்கள் மைக்கில் சேரும் இரைச்சலைக் குறைத்து, அழைப்பின் மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் குரலைத் தெளிவாக்கும் வசதி மட்டுமே. உங்கள் காதுக்கு அதனால் ஒன்றும் குறையாது. அடுத்தது, எலும்பு வழி என்ற பெயரில் சாதாரணச் சிறு ஒலிபெருக்கியை வைத்து விற்பதும் நடக்கிறது. ஹெட்போனை அணிந்து, ஒரு பேச்சை ஓடவிட்டு, இரண்டு காதுத் துளைகளையும் விரலால் அடைத்துப் பாருங்கள். ஒலி கூடினால் அது உண்மையான எலும்பு வழி ஹெட்போன், குறைந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். ஷொக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்ரன் போன்றவை ஐபி67 தரத்தில் தூசும் நீரும் புகாதவை, விலைதான் அதிகம். நம் வீதிப் புழுதிக்கும் வியர்வைக்கும் ஐபி55 அளவுள்ளதும் தாங்கும். பின்கழுத்தைச் சுற்றிவரும் பட்டி சட்டைக் கொலரில் முட்டுகிறதா என்பதைச் சைக்கிளில் குனிந்திருப்பதுபோலக் குனிந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.