பேச்சு கேட்கணுமா, வீடு அதிரணுமா?

கேள்வி: எங்க வீடு கருங்கல் பக்கம். ஹால் 11-க்கு 14 அடி. 50 இஞ்ச் ஸ்மார்ட் டிவி வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. ஓடிடியில படம் போட்டா பாட்டும் சண்டையும் அலறுது, பேச்சு மட்டும் கேக்கமாட்டேங்குது. அம்மைக்கு காது கொஞ்சம் மந்தம். படம் முடியிற வரைக்கும் ரிமோட்டும் கையுமா இருக்கோம். நாகர்கோவில்ல ஒரு கடையில கேட்டதுக்கு 1200 வாட் 5.1 செட்டைத்தான் எடுக்கச் சொல்லுதாங்க. கையில 25,000 ரூபாய் இருக்கு. ஞாயித்துக்கிழமை பாட்டும் கேக்கணும். எதை எடுக்கலாம் அண்ணாச்சி?

பதில்: 5.1 என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர், அடிநாத அதிர்வுக்கு ஒரு சப்வூஃபர். அதை எடுத்தால் சண்டை இன்னும் நன்றாக அலறும், அவ்வளவுதான்.

காசை எடுக்கும் முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். படம் ஓடும்போது ஆடியோ மெனுவைத் திறந்தால் ‘தமிழ் 5.1’ என்று ஒன்றும், வெறும் ‘தமிழ்’ என்று ஒன்றும் சில படங்களில் இருக்கும். வெறும் தமிழை வையுங்கள். 5.1 கலவையில் பேச்சின் பெரும்பகுதி நடு சேனலில்தான், அதாவது நடு ஸ்பீக்கருக்கென்று பிரித்த ஒலியில்தான் வருகிறது. உங்கள் டிவியில் இருப்பதோ இடது, வலது மட்டும். நடுவில் வர வேண்டிய பேச்சு அந்த இரண்டுக்குள்ளேயே பின்னணி இசையோடு முட்டி மோதிக்கொண்டு வருகிறது. போதாக்குறைக்கு டிவி மெலிந்துகொண்டே போனதில் ஸ்பீக்கரும் சிறுத்து, தரையைப் பார்த்தபடி கீழ்ப்பக்கம் போய்விட்டது.

மெனுவில் தீரவில்லை என்றால் 3.1 சவுண்ட்பார் எடுங்கள், டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் அது. இடது, வலது, பேச்சுக்கென்று நடுவில் ஒன்று, தனியாக ஒரு சப்வூஃபர். உங்கள் தொகைக்குள் கிடைக்கும். மலிவாக இருக்கிறதே என்று 2.1-க்கு இறங்கிவிடாதீர்கள், அதில் அந்த நடு ஸ்பீக்கர் கிடையாது.

5.1 ஏன் வேண்டாம் என்கிறேன்? 11 அடி ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒட்டித்தான் போட்டிருப்பீர்கள். பின் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? வயர்லெஸ் என்பார்கள். சப்தம்தான் வயர் இல்லாமல் வரும். பெரும்பாலானவற்றில் கரண்டுக்கு வயர் இழுத்தே ஆக வேண்டும். பாதையில் வயர் கிடந்தால் அம்மை தட்டி விழுவதற்கு அதுவே போதும். அப்புறம் அந்த 1200 வாட். பெட்டியின் பின்பக்கம் ஆர்.எம்.எஸ். என்று போட்டு ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். அதுதான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. பி.எம்.பி.ஓ., அதாவது கண நேர உச்சம், என்று போட்டிருப்பதை விலைச்சீட்டிலுள்ள பூவேலையாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலிருந்தும் சப்தம் வருவதுபோலக் காட்டும் டால்பி அட்மாஸ் ஸ்டிக்கருக்காகவும் கூடுதல் கொடுக்காதீர்கள். மேல்நோக்கிய ஸ்பீக்கர் தட்டையான கூரையில் பட்டுத் திரும்பினால்தான் அதற்கு அர்த்தம். சரிவான ஓட்டுக்கூரை என்றால் சப்தம் எங்கோ போகும்.

டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் ஏ.ஆர்.சி. அல்லது இ-ஏ.ஆர்.சி. என்று இருக்கும். டிவியின் சப்தத்தை வெளியே அனுப்பும் துளை அதுதான். சவுண்ட்பார் கேபிளை அதில்தான் சொருக வேண்டும், செட்டிங்ஸில் சி.இ.சி.யையும் ஆன் செய்ய வேண்டும். டிவி ரிமோட்டிலேயே சப்தம் கூடும், குறையும். ‘சவுண்ட்பார் வேலை செய்யவில்லை’ என்று என்னிடம் வரும் புகார்களில் பாதி, பக்கத்துத் துளையில் சொருகியவர்களுடையது. இ-ஏ.ஆர்.சி. இல்லையே என்று டிவியை மாற்றவும் வேண்டாம். ஓடிடியில் அட்மாஸ் வந்தாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில்தான் வருகிறது, அதற்குச் சாதாரண ஏ.ஆர்.சி. போதும்.

பாட்டுக்கு, வைஃபை உள்ள சவுண்ட்பாராகப் பாருங்கள். புளூடூத்தில் பாட்டு போனிலிருந்து போகிறது. நடுவில் அழைப்பு வந்தால் ரிங்டோனும் ஹாலுக்கே கேட்கும். வைஃபையில் பார் தானே நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாட்டுதான் முக்கியம், படம் எப்போதாவது என்றால், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை, அலமாரியில் வைக்கும் அளவிலான பெட்டி ஸ்பீக்கரை, சொல்லியிருப்பேன், இசைக்கு அதை அடிக்கச் சவுண்ட்பார் கிடையாது. ஆனால் அதில் பேச்சு நடுவிலிருந்து வருவதுபோலத் தோன்றுவது சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான். அம்மையின் நாற்காலி ஓரத்தில் என்றால் பயனில்லை.

கடைசியாக, ஹால் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘டங்’ என்று திரும்பி வந்தால் டைல்ஸும் வெறும் சுவரும் பேச்சைக் குழப்புகின்றன. ஒரு கனத்த திரைச்சீலை, சோபாவுக்கு முன்னால் ஒரு கம்பளம் போதும். நான் அதைக் கடைசியாகச் செய்து பணம் வீணாக்கினேன், நீங்கள் முதலில் செய்யுங்கள்.

கேள்வி: முட்டம் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பழைய செட்டின் துளைகள் எல்லாம் பச்சை பூத்துப் போயின. போன ஐப்பசியில் ஒரு இடியில் டிவியும் சவுண்ட்பாரும் சேர்ந்தே போயின. பாரின் பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தோம்!

பதில்: பச்சை பூப்பது உப்புக்காற்று. அரிப்புக்கு வாரண்டி பொருந்தாது என்று பல கம்பெனிகள் அட்டையிலேயே போட்டிருக்கும், வாங்கும்போது படியுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம்.

இடி வந்த வழி பிளக்காக இருக்க வேண்டியதில்லை. டிஷ் கேபிள் வழியே செட்டாப் பாக்ஸுக்கு இறங்கி, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியே டிவி, டிவியிலிருந்து பார். எல்லாம் செம்புக்கம்பியால் கோர்த்துக் கிடக்கிறதே. மேகம் கறுத்ததும் டிவி, செட்டாப் பாக்ஸ் பிளக்குகளையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஃபைபர் நெட் கேபிள் கண்ணாடி இழை என்பதால் அதில் மின்சாரம் பாயாது. ஆனால் ரௌட்டரின் பிளக்கும், ரௌட்டரிலிருந்து டிவிக்கு வரும் லேன் வயரும் பாய்ச்சும். வீட்டு எர்த்தையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில், திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் பாக்ஸும் கிட்டத்தட்ட வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

கேள்வி: துபாயிலிருந்து மச்சான் சவுண்ட்பார் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான். விலை குறைவாம்.

பதில்: கரண்டில் சிக்கல் இல்லை, அங்கேயும் 50 ஹெர்ட்ஸ்தான், வோல்டேஜும் கிட்டத்தட்ட நம்முடையதே. பிளக்கின் முனை மட்டும் வேறு. வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பில் போடும் முன் மச்சான் கேட்கட்டும். பல கம்பெனிகளுக்கு அது அந்த நாட்டோடு சரி. இங்கே வாங்கிய பொருள் பழுதாகிக் கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடலாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள் போகலாம். துபாய் பில்லோடு அங்கே போய் யாரை எதிர்த்தரப்பு ஆக்குவீர்கள்? விலை வித்தியாசம் இரண்டாயிரம், மூவாயிரம்தான் என்றால் மார்த்தாண்டத்திலேயே ஜி.எஸ்.டி. பில்லோடு எடுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும்.