6ஜி வந்தால் பர்கூர் மலையில் சிக்னல் கிடைக்குமா?

அந்தியூர் தாண்டி பர்கூர் மலை ஏறினால் சிக்னல் போய்விடுகிறது, 6ஜி இதைத் தீர்க்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேகம் கூடுவதால் மட்டும் தீராது. 6ஜி ஆராய்ச்சியில் அதிகம் பேசப்படும் டெராஹெர்ட்ஸ் அலைகள், அதாவது மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள், தகவலை அள்ளிக்கொண்டு போகும். ஆனால் சுவரோ, இலையோ குறுக்கே வந்தாலே வலுவிழந்துவிடும். குறுகிய தூரம் போதுமான கோவைத் தொழிற்கூடங்களுக்கு அது சரி.

மலைக்கு வேண்டியது செல்போனோடு நேரடியாகப் பேசும் செயற்கைக்கோள். 2023-இல் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ வகுத்த 6ஜி சட்டகத்தில் 'எங்கும் இணைப்பு' ஒரு தனி நோக்கமாகவே இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். ஆனால் பூமிக்கு அருகே உள்ள தாழ்வட்டப் பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு 7 கி.மீ.க்கு மேல் ஓடுவதால் அலைவரிசை நழுவிக்கொண்டே இருக்கும். போன் தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டு அதை ஈடுகட்ட வேண்டும். அப்புறம், அடர்ந்த மரத்தடியில் நின்றால் இதுவும் தடுமாறும். வானம் தெரிகிற இடத்தில் முதலில் குறுஞ்செய்தியை எதிர்பார்க்கலாம்.