கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 42. இரண்டு குழந்தைகள். ஒரு வருடமாக மாதவிடாயின்போது ரத்தப்போக்கு மிக அதிகம். ஏழெட்டு நாள் நீடிக்கிறது, கட்டிகட்டியாகப் படுகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவரில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி இருப்பது தெரிந்தது. ஹீமோகுளோபின் 8.5. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் பயமே இருக்காது என்று சொல்லி, டாக்டர் அடுத்த வாரமே தேதி கொடுத்துவிட்டார். வீட்டிலும், 'குழந்தை பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு?' என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழி உண்டா? இன்னொரு டாக்டரிடம் கேட்டால் இவர் கோபித்துக்கொள்வாரா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேறு வழிகள் நிறையவே உண்டு, சகோதரி. அவற்றை யோசித்துப் பார்க்க உங்களுக்கு நேரமும் இருக்கிறது. ஃபைப்ராய்டு என்பது புற்றுநோய் இல்லாத கட்டி. ஃபைப்ராய்டு போலத் தெரியும் ஒன்று புற்றாக இருப்பது மிக அரிது. அடுத்த வாரமே செய்தாக வேண்டிய அவசரம் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

முதலில் உங்கள் ரத்தத்தைக் கவனிப்போம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 8.5-ஐ வைத்துக்கொண்டு பெரிய அறுவைக்குப் போனால் ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். இரும்புச்சத்து மாத்திரை, அது ஒத்துவராவிட்டால் நரம்பு வழியே ஏற்றும் இரும்பு மருந்து என்று சில வாரங்களில் இதைச் சரிசெய்ய முடியும். கடைசியில் அறுவைதான் என்று முடிவானாலும் இந்தச் சில வாரங்கள் உங்களுக்கு நல்லதே செய்யும்.

அதே நேரத்தில் ரத்தப்போக்கைக் குறைக்கலாம். டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையை அதிகம் படும் நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போதும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. அடுத்தது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப். கட்டி கர்ப்பப்பையின் உட்புறத்தைப் பெரிதாக அழுத்தவில்லை என்றால் இதை வைக்கலாம், ஐந்து வருடமாவது வேலை செய்யும். வைத்த முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக ரத்தம் படும். அதைப் பார்த்துப் பயந்து எடுத்துவிடச் சொல்லும் பெண்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்பதே நான் அவர்களுக்குச் சொல்வது.

இவை பலன் தராவிட்டால், கட்டியை மட்டும் எடுக்கலாம். கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைத்து அதைச் சுருங்கச் செய்யும் சிகிச்சையும் உண்டு. இயல்பாக மாதவிடாய் நின்றபிறகு ஃபைப்ராய்டுகள் பெரும்பாலும் தாமாகவே சுருங்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது சினைப்பை விஷயம்தான். 42 வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்து விழும். உடம்பு குப்பென்று சூடாகும், தூக்கம் கெடும். வருடங்கள் போகப்போக எலும்பு தேயும், இதயநோய் ஆபத்தும் கூடும். குடும்பத்தில் சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்தாலோ, அதற்கான மரபணு மாற்றம் தெரிந்தாலோ கணக்கு வேறு. மற்றபடி நல்ல நிலையில் உள்ள சினைப்பைகளை இந்த வயதில் பயத்துக்காக எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். சினைப்பைப் புற்று பலருக்குக் கருக்குழாயில்தான் தொடங்குகிறது. அதனால் கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தால் குழாய்களையும் சேர்த்து எடுத்து, சினைப்பைகளை விட்டுவைக்கலாம்.

நான் அறுவைக்கு எதிரி இல்லை. மருந்துகள் தோற்றுப்போனவர்கள், கட்டி பெரிதாகிச் சிறுநீர்ப்பையை அழுத்துகிறவர்கள், கர்ப்பப்பையின் உட்சவ்வில் புற்றின் அறிகுறி உள்ளவர்கள் எனப் பலருக்கு நானே செய்திருக்கிறேன். நிம்மதியாக இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்துகொண்டு, 'போதும், எடுத்துவிடுங்கள்' என்று கேட்கும் பெண்ணின் முடிவையும் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். 'இனி அது எதற்கு' என்று மற்றவர்கள் சொல்வது அதற்குக் காரணமாகாது.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: கட்டி சரியாக எந்த இடத்தில் இருக்கிறது? உட்சவ்விலிருந்து திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா? ஆறு மாதம் காத்திருந்தால் என்ன ஆகும்? மாதவிடாய்க்கு நடுவிலும் ரத்தம் பட்டால், அல்லது மருந்துக்குக் கேட்காவிட்டால், அந்தத் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு டாக்டரிடம் தாராளமாகப் போங்கள். என் நோயாளிகள் அப்படிப் போவதாகச் சொன்னால் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொடுத்தனுப்புவேன். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார். அப்புறம், சம்மதப் படிவத்தை வரிவரியாகப் படியுங்கள். சினைப்பைகளையும் எடுப்பதாக அதில் இருந்து, உங்களுக்கு அதில் சம்மதம் இல்லை என்றால், அதை நீக்கச் சொன்னபிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இதற்கிடையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்துகொண்டே இருந்தாலோ, தலைசுற்றலோ மூச்சிரைப்போ வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.