உடற்பயிற்சியையும் ஊர் வேலையையும் சேர்த்தே செய்ய முடியுமா?

கேள்வி: ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டிவிட்டு இரண்டே மாதத்தில் நின்றுவிட்டேன். வார இறுதியில் ஏதாவது தன்னார்வ வேலை செய்யவும் ஆசை. இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை. சென்னையில் இருக்கிறேன். குழுவாகச் சேர்ந்து இரண்டையும் ஒன்றாகச் செய்ய வழி உண்டா?

தாராளமாக உண்டு. ஆனால் "உடம்பும் இறங்கட்டும், போகிற போக்கில் கொஞ்சம் புண்ணியமும் சேரட்டும்" என்று கிளம்பினால் மூன்றாவது வாரமே படுத்துவிடும். முதலில் வேலையைத் தேடுங்கள். உடம்பைப் போட்டால்தான் நடக்கும், ஆள் வராவிட்டால் அன்றைக்கு நின்றுபோகும் என்கிற மாதிரி வேலை. அப்படி ஒன்று அமைந்துவிட்டால் உடற்பயிற்சி தானாக நடக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது லண்டனில். அங்கே சில வருடம் வேலை பார்த்தபோது பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் 'குட்ஜிம்' என்ற குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனார். 2009இல் ஐவோ கோர்ம்லி என்பவர் தொடங்கிய தொண்டு அமைப்பு அது. ஜிம்மில் இத்தனை பேர் இத்தனை சக்தியைச் செலவழித்தும் ஒரு காரியமும் ஆவதில்லையே என்று அவருக்கு உறுத்தல். நடமாட்டம் குறைந்த ஒரு பெரியவருக்குச் செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுக்க ஓட ஆரம்பித்ததுதான் தொடக்கம்.

வாரத்தில் ஒரு சாயங்காலம் ஓரிடத்தில் கூடுவோம். அங்கிருந்து சில கிலோமீட்டர் ஓட்டம். போய்ச் சேரும் இடத்தில் ஒரு வேலை காத்திருக்கும். ஒருநாள் பள்ளித் தோட்டத்துக்கு மரத்தூள் அள்ளிப் போடுவது, இன்னொரு நாள் உணவு வங்கியில் டப்பாக்களைத் தேதிவாரியாக அடுக்குவது, சில நாள் முள்புதர் வெட்டுவது. முடித்துவிட்டுத் திரும்ப ஓட்டம். டிசம்பரில் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, மலை மாதிரி குவிந்திருந்த மரத்தூளை ஒற்றைச் சக்கர வண்டியில் அள்ளி அள்ளித் தள்ளியது நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் குவியல் அரைமணி நேரத்தில் காணாமல் போனது. மறுநாள் காலையில் எனக்குத் தொடையையும் காணவில்லை.

அதே அமைப்பில், தனியாக வசிக்கும் ஒரு முதியவரை வாரம் ஒருமுறை ஓடிப்போய்ப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. இதில் அந்த முதியவர்தான் பயிற்சியாளர். உதவி வாங்குபவர் என்ற கணக்கே கிடையாது, ஓட வைப்பவர் அவர். முதியவர் வீட்டுக்குள் போவதற்கு முன் உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். இங்கே யாராவது இதைத் தொடங்கினால் அந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள்.

சரி, சென்னைக்கு வருவோம். மாலை ஏழு மணிக்கு வேளச்சேரி மெயின் ரோட்டில் கும்பலாக ஓடுவது நடக்கிற கதையா? நடைபாதை இருந்தால் அதில் பைக் நிற்கும், பைக் இல்லாத இடத்தில் நாய் படுத்திருக்கும். வெயில் வேறு. ஆகவே இங்கே இரண்டே நேரம்: அதிகாலை, இல்லாவிட்டால் நடுராத்திரி.

நடுராத்திரி என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த ஊரில் இதற்கு நான் முதலில் சொல்வது ஆமை நடைதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) நம் கடற்கரைக்கு முட்டையிட வருகின்றன. 1970களில் ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்ற வன உயிரின ஆர்வலர்கள் இந்தக் கரையில் இரவு நடையைத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக் குழு அதை எடுத்து நடத்திவருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர், முழுக்க மணல். வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப்போவார்கள்.

கரையில் டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. ஆமை ஏறி இறங்கிய தடம் மணலில் டிராக்டர் டயர் ஓடியதுபோல இருக்கும். தடம் கண்ட இடத்தில் அனுபவமுள்ளவர் ஒரு கம்பியால் மணலை மெல்லக் குத்திப் பார்ப்பார். ஒரு இடத்தில் கம்பி 'சளக்'கென்று எதிர்ப்பில்லாமல் இறங்கும். அதற்குக் கீழேதான் கூடு. பிறகு முழங்காலிட்டுக் கையாலேயே தோண்ட வேண்டும், தோள் மணலைத் தொடுகிறவரை. நூறுக்கும் மேல் முட்டை இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, கூட்டின் மணல் கொஞ்சத்தையும் சேர்த்துப் பையில் வைத்து, பொரிப்பகத்துக்குச் சுமந்துபோய், அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி வெட்டிப் புதைப்பார்கள். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சு வெளியே வரும். அங்கேயே விட்டுவைத்தால் நாய் தோண்டிவிடும். தப்பிப் பிழைத்த குஞ்சும் கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுக்கு ஏறிவிடும்.

இது உடற்பயிற்சியா என்றால், நடந்து பாருங்கள், கெண்டைக்கால் பதில் சொல்லும். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்து எழுதியிருக்கிறார்கள்: அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது. அலை நனைத்த கெட்டி மணலில் இந்தக் கஷ்டம் குறைவு. ஆனால் ஆமைத் தடத்தைத் தேடுகிறவர் மேட்டு மணலையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஏழு கிலோமீட்டர் அப்படி.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பல இரவுகளில் ஆமையே வராது. செத்த ஆமை மட்டும் கிடக்கும். 2025 ஜனவரியில் இந்தக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவைப் படகு வலையில் மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாது, அதுதான் காரணம். அதையும் அளந்து, குறித்துக்கொண்டு நடக்க வேண்டும். "குஞ்சு பார்க்கலாம்னு கூட்டிட்டு வந்தியே" என்று என் அக்கா மகள் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த வாரம் அவளே கிளம்பி நின்றாள். இன்னொன்று, இந்த ஆமை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நீங்களாகக் கம்பியோடு கிளம்பிவிடக் கூடாது. குழுவோடுதான் போக வேண்டும்.

ஆமை சீசன் நாலு மாதம்தான். மீதி எட்டு மாதத்துக்கு?

எல்லோரும் சட்டென்று சொல்வது மரம் நடுவது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஃபிளெக்ஸ் கட்டி, டீஷர்ட் போட்டு, ஆளுக்கொரு கன்றோடு படம் எடுத்துக்கொண்டு நடும் விழாவில் உடம்புக்கும் வேலையில்லை, மரத்துக்கும் பலனில்லை. மே மாதம் போய்ப் பாருங்கள், கூண்டு இருக்கும், கன்று இருக்காது. உடம்புக்கும் ஊருக்கும் ஒன்றாகப் பயன்படுவது தண்ணீர் ஊற்றும் வேலைதான். யாரோ நட்டுவிட்டுப் போனதைத் தத்தெடுங்கள், போதும். எங்கள் திருவான்மியூர்ப் பக்கம் ஏழெட்டுப் பேர் இதைத்தான் செய்கிறோம். இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் கேன், ஆளுக்கு மொத்தம் பத்துக் கிலோ. குழாயடியில் நிரப்பி, கன்று இருக்கும் இடம்வரை வேகநடை, ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு ஓட்டம், திரும்ப நிரப்பு. ஜிம்மில் இதே சமாச்சாரத்துக்கு டம்பெல்லைக் கையில் கொடுத்து நடக்கச் சொல்வார்கள், அதற்குக் காசும் வாங்குவார்கள். பிடி, முன்கை, தோள், வயிறு எல்லாம் வேலை செய்யும். கோடையில் ஒரு வாரம் போகாவிட்டால் இலை வாடித் தொங்கும். அந்தக் கன்றுதான் உங்கள் லண்டன் பெரியவர்.

முனையில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் இதை ரொம்ப நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார்: "ஏங்க்கா, மாசம் எவ்வளவு தர்றாங்க?" ஒன்றும் தருவதில்லை என்றதும் நம்பவில்லை. அப்புறம் மனது கேட்காமல், "நம்ம கடைக் குழாய்லயே புடிச்சுக்கோங்க" என்றார். நடக்கும் தூரம் பாதியாகிவிட்டது. நல்ல மனசுக்காரரிடம் உடற்பயிற்சி குறைகிறது என்று எப்படிச் சொல்வது? இப்போது இரண்டு தடவை அதிகம் ஊற்றுகிறோம்.

அடுத்தது ஏரி, குளம். ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுவதைப்போல முதுகையும் கையையும் சேர்த்து வாட்டும் வேலை வேறில்லை. தண்ணீரோடு வரும்போது அதன் கனம் பார்ப்பதற்குத் தெரியாது. இழுத்ததைக் கரையோரமே விட்டால் அடுத்த மழையில் மறுபடி உள்ளே. ஒரு துண்டு தப்பினாலும் அதிலிருந்து கிளைத்துவிடும். ஆகவே கரையைத் தாண்டிச் சுமந்துபோய்க் கொட்டுவதுதான் பாதி வேலை. மண், குப்பையைக் கைமாற்றும்போது எதிரெதிராக இரண்டு வரிசை நின்று பாண்டை (மண் அள்ளும் சட்டி) கைமாற்றிக் கொடுங்கள். இடுப்பை மட்டும் திருப்பாதீர்கள், பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வரிசையை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கத் தோள் மட்டும் பழுத்துவிடும். குனிந்து தூக்குவதைவிட உட்கார்ந்து எழுவது நல்லது. முதுகுவலி உள்ளவர்கள் பாண்டு தொட வேண்டாம், குப்பை பிரிக்கும் வேலைக்கும் ஆள் தேவைதான்.

இங்கே யாராவது "அந்தக் காலத்தில் குடிமராமத்து இருந்ததே, ஊரே சேர்ந்து தூர்வாரியதே" என்று பெருமூச்சு விடுவார்கள். இருந்தது. ஆனால் எல்லார் முதுகிலும் அந்தச் சுமை ஒரே அளவில் ஏறவில்லை. 1858இல் சென்னை மாகாணத்தில் அதைக் கட்டாய உழைப்பு என்றே பெயரிட்டுச் சட்டம் போட்டார்கள். மதுரைக் கதையிலும் வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் என்று அரச கட்டளை. ஆளில்லாத கிழவி வந்தி என்ன செய்வாள்? பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவனே வந்தார். வந்தவர் மண் சுமக்காமல் ஆடிப்பாடித் தூங்கி, பிரம்படி வாங்கினார். நாம் செய்வதில் கட்டாயமும் கிடையாது, பிரம்பும் கிடையாது. அதனால் தூங்கப்போவதற்கு நிறையச் சாத்தியம் உண்டு. கூட வரும் நாலு பேர் போன் அடித்து எழுப்புவார்கள், குழுவாகச் செய்வதன் முழு ரகசியமும் அதுதான்.

குப்பை பொறுக்கிக்கொண்டே ஓடும் 'பிளாகிங்' பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016இல் ஸ்டாக்ஹோமில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் பிரபலமாக்கியது. 2019 அக்டோபரில் மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் குப்பை பொறுக்கியபின் இங்கும் எல்லோருக்கும் தெரிந்தது. நல்லதுதான், குனிந்து நிமிர்ந்து ஓடுவது மூச்சு வாங்க வைக்கும். ஒரே நிபந்தனை: கட்டிய மூட்டையை யார், எப்போது எடுத்துப்போவார்கள் என்று மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் மாடு பிரித்துவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கறார். சாக்கடை, பாதாளச் சாக்கடை மூடி, கழிவுநீர்க் கால்வாய் பக்கம் யாரும் போகக் கூடாது, "ஜாலியா இறங்கிடலாம்" என்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை அதில் இறக்குவதையே தடுக்கிறது, இறங்கி எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். காலில் புண் இருந்தால் ஏரித் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். கம்பூட்ஸ் வேண்டும். கையுறை ஹார்டுவேர் கடையில் விற்கும் தடித்த ரகமாக இருக்கட்டும், மெடிக்கலில் கிடைக்கும் மெல்லிய உறை கண்ணாடித் துண்டுக்கு முன் நிற்காது. டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்து (நீர்வளத் துறையா, மாநகராட்சியா, ஊராட்சியா) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெயில் ஏறும் முன், எட்டு மணிக்குள் மூட்டை கட்டிவிடுங்கள்.

இது மட்டும் உடம்புக்குப் போதுமா என்றும் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் என்றால் முழுக்கணக்கு வராது. எங்கள் குழுவில் புதன் காலையும் தண்ணீர் ஊற்றுகிறோம், மற்ற நாளில் அவரவர் நடை. ஒரு வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மம்பட்டி பிடித்தால் திங்கட்கிழமை லீவு போட வேண்டிவரும்.

நீங்கள் கேட்டது ஜனவரியை ஒட்டி என்றால் ஆமை நடையிலிருந்தே தொடங்குங்கள், தனியாகப் போனாலும் கூட்டம் சேர்ந்துவிடும். வேறு மாதமென்றால் உங்கள் தெருவில் காய்ந்துகொண்டிருக்கும் கன்றுகளை எண்ணிப் பாருங்கள், பக்கத்து வீட்டில் இரண்டு பேரைப் பிடியுங்கள், ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்களைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உள்ள கேனாகப் பாருங்கள்.